மக்குவது வேறு, அழுகுவது வேறு: மொட்டைமாடியில் உரம்

பச்சைத் தொட்டியில் மக்கும் குப்பை, நீலத் தொட்டியில் மக்காத குப்பை. பிரிப்பது எல்லோருக்கும் தெரியும். அகராதி 'மட்கும்' என்னும், பேச்சில் 'மக்கும்'. இரண்டும் ஒன்றுதான். என்னைத் தவறாக நினைக்கவைத்த சொல் 'அழுகும்'.

அழுகினால் உரமாகிவிடும் என்று நம்பி, காய்கறித் தோலை மூடிபோட்ட வாளியில் சேர்த்தேன். பத்தே நாளில் குடலைப் புரட்டும் நாற்றம், நெளியும் புழு, அடியில் கறுப்புத் தண்ணீர். காற்றுப் புகாவிட்டால் கழிவு அழுகும். காற்றும் அளவான ஈரமும் இருந்தால் மக்கும். நன்றாக மக்கியது மழை நனைத்த மண்போல மணக்கும்.

சரி, செய்முறைக்கு வருவோம்.

1. சுற்றிலும் அடியிலும் துளையிட்ட தொட்டி வேண்டும். பிளாஸ்டிக் வாளியைவிட மண்தொட்டியே நல்லது, மிஞ்சிய ஈரத்தை அதுவே இழுத்துக்கொள்ளும்.

2. அடியில் நான்கு விரல் உயரத்துக்குச் சருகு அல்லது தென்னை நார்க்கழிவு.

3. இங்கேதான் கவனம். ஒரு கிண்ணம் காய்கறிக் கழிவு போட்டால், மேலே இரண்டு கிண்ணம் சருகு போட்டு மூடுங்கள். பச்சைக் கழிவில் நைட்ரஜனும் நீரும் அதிகம், சருகில் கரிமம் அதிகம். நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்குச் சுமார் 30 பங்கு கரிமம் வேண்டும். சருகு போடுவதால் இடையில் காற்றும் நிற்கும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் இன்னும் சருகு.

4. கொஞ்சம் புளித்த மோர் தெளித்து, வாரம் இருமுறை கிளறுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் உரம் தயார்.

முட்டை ஓட்டை நொறுக்கிப் போடலாம். சிரட்டை வேண்டாம், வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். காகிதக் குவளையும் வேண்டாம், அதன் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு.

சோறு ஊசிப்போகும், பால் திரியும், மரம் உளுக்கும், துணி இற்றுப்போகும், இரும்பு துருப்பிடிக்கும். ஒவ்வொன்றின் முடிவுக்கும் தமிழில் ஒரு வினைச்சொல் உண்டு. பிளாஸ்டிக்கை மட்டும் 'மக்காதது' என்று எதிர்மறையில்தான் சொல்ல முடிகிறது.

பிற்சேர்க்கை: 'மக்கும் பை' என்று விற்பதைத் தொட்டியில் போடலாமா என்று சிலர் கேட்டார்கள். அவற்றில் பல, உரத் தொழிற்கூடங்களில் 55, 60 டிகிரி சூட்டில் மக்குவதற்கென்று செய்தவை. வீட்டுத் தொட்டியில் அவ்வளவு சூடு நிலைக்காது. 'சிதையும்' என்று மட்டும் எழுதியிருந்தால் இன்னும் மோசம், சிறு துணுக்குகளாக உடைந்து உரத்தோடு கலந்துவிடும். கழிவைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் பையைத் தனியே எடுத்துவிடுங்கள்.