வண்டி ஸ்லோல நிக்கலையா? ஸ்க்ரூ டிரைவரை கீழ வைங்க

பழைய மாருதி 800, பத்மினி மாதிரி கார்பரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற பாகம்) வண்டி வச்சிருக்கீங்க, ஸ்லோல (ஆக்சிலேட்டர் மிதிக்காம இன்ஜின் தானா ஓடும்போது) விட்டா உதறுது, சிக்னல்ல வந்து நின்னா பொசுக்குனு ஆஃப் ஆகுது, ஆக்சிலேட்டரை மிதிச்சா மட்டும் ஒழுங்கா ஓடுதுன்னா, எல்லாரும் பண்ற முதல் வேலை கார்பரேட்டர் ஸ்க்ரூவை திருகுறதுதான். நானும் அப்படித்தான் 3 வாரம் திருகினேன், ரெண்டு தடவை கார்பரேட்டர் சர்வீஸுக்கு காசும் குடுத்தேன், கடைசில பார்த்தா ஒரு ஜான் ரப்பர் ஓஸ் வெடிச்சிருக்கு.

அதனால முதல்ல எப்போ ஆஃப் ஆகுதுன்னு ரெண்டு மூணு நாள் கவனிங்க. காலைல மட்டும்னா சோக் (குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆக காத்தைக் குறைக்கிற மூடி) பக்கம் போங்க. 20 நிமிஷம் ஓடி சூடானப்புறம் ஆஃப் ஆகி, ஆறவிட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆச்சுன்னா, பிளக்குக்கு ஹை வோல்டேஜ் குடுக்கிற இக்னிஷன் காயில் மேல சந்தேகம். அப்படி ஆஃப் ஆகும்போது டேங்க் மூடியையும் திறந்து பாருங்க, உஸ்ஸுனு காத்து உள்ள இழுத்தா மூடில இருக்கிற ஓட்டை அடைச்சிருக்கு, பெட்ரோல் வர முடியல. மழைன்னா மட்டும் மிஸ்ஸிங்னா (விட்டு விட்டு ஓடினா), அந்த கரன்ட்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டரோட மூடில விரிசல் இருக்கும்.

எப்பவுமே ஸ்லோல நிக்கலைன்னா முக்கால்வாசி எங்கயோ லீக்கு வழியா வேண்டாத ஏர் இழுக்குது. இன்ஜினை ஓடவிட்டு (சட்டைக் கை, துண்டெல்லாம் பெல்ட் பக்கம் போகாம பாத்துக்கங்க) மேனிஃபோல்ட்ல (கார்பரேட்டர்ல இருந்து இன்ஜினுக்குப் போற குழாய்) இருந்து போற ஒவ்வொரு ஓஸையும் துணி சுத்தின ப்ளையரால நசுக்கிப் பாருங்க. எதை நசுக்கினதும் உதறல் அடங்குதோ அந்த லைன்லதான் லீக்கு, பிரேக் பூஸ்டருக்கு (பிரேக் மிதிக்கிறதை லேசாக்குற டப்பா) போற தடி ஓஸையும் விட்டுடாதீங்க. ஆனா ஓஸ் மாட்டுற குழாய் முனை, அதான் நிப்பிள், அதுல மாட்டுற நுனிலயே வெடிச்சிருந்தா நசுக்கினாலும் தெரியாது, கையால வளைச்சுப் பார்த்தாத்தான் விரிசல் வாய் திறக்கும், என் வண்டில அங்கதான் இருந்துச்சு. வெளிய பார்க்க புதுசு மாதிரி பளபளன்னு இருந்துச்சு அந்த ஓஸு! அடுத்தது கார்பரேட்டர் அடில இருக்கிற கேஸ்கெட், சுத்தி கொஞ்சம் தண்ணி ஸ்ப்ரே பண்ணுங்க, சத்தம் மாறினா அதுதான். இப்ப பங்க்குல வர்றது 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல், அது பழைய ரப்பருக்கு ஆகாது, அதனால பெட்ரோல் ஓஸையும் அப்படியே ஒரு பார்வை பாத்துடுங்க.

ஏர் லீக்கு இல்லையா, பிளக்கை கழட்டுங்க. நுனி லேசான பிரவுன்னா நல்லது, கரி மாதிரி கருப்புன்னா பெட்ரோல் ஜாஸ்தி, வெள்ளைன்னா கம்மி, எண்ணெய்ப் பிசுக்குன்னா அது பெரிய செலவு, இன்ஜின் வேலை தெரிஞ்ச ஆளைப் பாருங்க.

அப்புறம் நிறைய பேர் பார்க்காத ஒண்ணு, கார்பரேட்டர்ல ஒத்த ஒயர் போற ஐடில் சொலினாய்டு (கரன்ட் வந்தா ஸ்லோ பெட்ரோலைத் திறந்து விடுற குட்டி வால்வு), சில வண்டில இது இருக்காது. பெட்ரோல் கசிவு எதுவும் இல்லைன்னு பாத்துட்டு, சாவியை ஆன்ல மட்டும் வச்சு அந்த ஒயரை கழட்டி மாட்டுங்க. "டிக்"னு சத்தம் வரணும். வரலைன்னா ஒயர்ல கரன்ட் இருக்கான்னு டெஸ்ட் லாம்ப் வச்சுப் பாருங்க, கரன்ட் இருந்தும் சத்தம் இல்லைன்னா சொலினாய்டு போச்சு, ஸ்லோல பெட்ரோலே போகாது, வண்டி ஸ்லோல எப்படி நிக்கும்? டிக் வந்தும் ஸ்லோல நிக்கலைன்னா ஸ்லோ ஜெட் (ஸ்லோல பெட்ரோல் வர்ற சின்ன துளை) அடைப்பு, கழட்டி காத்து அடிங்க, கம்பி விட்டு குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிடும்.

ஒரு விஷயம், ஓட்டிட்டு இருக்கும்போது ஆஃப் ஆனா பூஸ்டர் இருக்கிற வண்டில ரெண்டு மூணு மிதிக்கு மேல பிரேக் கல்லு மாதிரி ஆயிடும், சும்மா சும்மா பம்ப் பண்ணாம ஒரே மிதியா அழுத்தி ஓரம் கட்டுங்க.

இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் மிக்சர் ஸ்க்ரூ, அதாவது ஸ்லோல பெட்ரோல்-காத்து கலவையை மாத்துற ஸ்க்ரூ. முதல்ல மெதுவா உள்ள திருகி எத்தனை சுத்து வருதுன்னு எழுதி வச்சுட்டு, திரும்ப அதே இடத்துக்கு கொண்டு வந்து, அங்கருந்து கால் கால் சுத்தா மாத்திப் பாருங்க. உள்ள திருகும்போது லேசா முட்டினதும் நிறுத்திடுங்க, இறுக்கினா ஸ்க்ரூவோட ஊசி நுனி நசுங்கி அப்புறம் எந்த செட்டிங்கும் நிக்காது.