இரண்டு படங்களுக்கு நடுவே ஓர் அனிமேஷன் குறும்படம் எடுப்பது எப்படி

முதல் படத்தில் நாயகன் கடைசியாக வரும் ஷாட்டையும், இரண்டாம் படத்தில் அவன் முதலில் தலைகாட்டும் ஷாட்டையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். உடை, தழும்பு, ஆயுதம், யார் உயிரோடு இருக்கிறார்கள், யாருக்கு யார்மேல் கோபம் என்று மாறியதையெல்லாம் எழுதுங்கள். அதில் ஒன்றே ஒன்றுதான் கதை. மற்றவை போகிற போக்கில் தெரிந்தால் போதும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காட்சி வைத்தால் கணக்கு ஒப்பிப்பதுபோல் ஆகிவிடும்.

பீட்டர் சுங் இயக்கிய 'டார்க் ஃப்யூரி' என்ற அனிமேஷன் குறும்படத்தைப் (2004) பாருங்கள். 'பிட்ச் பிளாக்' (2000) படத்தின் முடிவில் தப்பிய நாயகன் ரிடிக், இமாம், சிறுமி ஜாக் மூவரும் கூலிப்படைக் கப்பலில் மாட்டுகிறார்கள். சண்டைகள் நிறைய. ஆனால் நிற்பது ஒன்றுதான்: ரிடிக்கைக் காப்பாற்ற ஜாக் துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறாள். அடுத்த படமான 'தி கிரானிக்கிள்ஸ் ஆஃப் ரிடிக்'கில் கைரா என்ற பெயரோடு சிறையில் இருப்பவள் அவள்தான். அவள் ஏன் அப்படி ஆனாள் என்பதற்கு அந்த ஒரு குண்டு போதும்.

ஒரு கண்டிப்பு: குறும்படத்தைப் பார்க்காதவருக்கும் இரண்டாம் படம் புரிய வேண்டும். புரிவதற்குத் தேவையான தகவலை இங்கே ஒளித்து வைக்காதீர்கள். காரணத்தை மட்டும் வையுங்கள். புதிய பாத்திரத்தைக் கொண்டுவந்தால் குறும்படம் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் 'அவன் எங்கே போனான்?' என்ற கேள்வி அடுத்த படம் முழுக்கத் தொடரும்.

இனி உழைப்பு. 10 நிமிடம் என்றால் 600 விநாடி. விநாடிக்கு 24 வீதம் 14,400 ஃபிரேம் (திரையில் ஓடும் ஒவ்வொரு நிலைப்படமும் ஒரு ஃபிரேம்). வரைந்த ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு அப்படியே வைத்தாலும் ஒரு பாத்திரத்துக்கே 7,200 படம். அதனால் தற்காலிக ஒலியோடு அனிமேட்டிக் (கோட்டோவியங்களை வரிசையாக ஓடவிடும் மாதிரிப் படம்) செய்து, வெட்டவேண்டியதை அங்கேயே வெட்டுங்கள். வரைந்தபின் வெட்டினால் வயிறு எரியும்.

அதிகம் சொதப்புவது துரத்தல் காட்சி. கேமரா ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நகர்கிறது, ஓடுகிறவனோ இரண்டு ஃபிரேமுக்கு ஒருமுறைதான் மாறுகிறான். பின்னணிமேல் அவன் முன்னும் பின்னும் வெட்டிவெட்டி நடுங்குவான். அந்த ஷாட்டுக்கு மட்டும் ஃபிரேமுக்கு ஒரு படம் வரையுங்கள். பணம் அங்கே போகட்டும், பேசும் காட்சிகளில் மிச்சம் பிடிக்கலாம்.

திரையின் அகல-உயர விகிதத்தை ஸ்டோரிபோர்டிலேயே (காட்சிகளை வரிசையாக வரைந்து வைக்கும் திட்டம்) முடிவு செய்யுங்கள். படங்கள் 2.39:1 என்றால் இதுவும் அதே. பிறகு மேலும் கீழும் நறுக்கினால் தலைதான் போகும். ஆயுதச் சத்தத்தை முதல் படத்தின் மூல ஒலியிலிருந்தே கேட்டு வாங்குங்கள். முகம் கொஞ்சம் மாறினாலும் பொறுத்துக்கொள்ளும் ரசிகர், சத்தம் மாறினால் உடனே பிடித்துவிடுவார்.