எல்இடி விளக்குகளுக்குத் தள்ளுபடித் தொகை பெறுவது எப்படி? வாங்கும் முன் படிக்க வேண்டிய செய்முறை

பழைய டியூப் லைட்டுகளைக் கழற்றிவிட்டு எல்இடி பொருத்தினால், செலவில் ஒரு பகுதியை மின் விநியோக நிறுவனமோ அரசுத் திட்டமோ திருப்பித் தருவது பல இடங்களில் நடைமுறையில் இருக்கிறது. கடை, அலுவலகம், கிடங்கு போன்றவற்றுக்கு இத்தகைய திட்டங்கள் அதிகம்; வீடுகளுக்கும் சில உண்டு. பெருகும் தேவைக்காகப் புதிய மின் நிலையம் கட்டுவதைவிட, பயன்பாட்டைக் குறைப்பவருக்குப் பணம் கொடுப்பது பெரும்பாலும் மலிவு என்பதே இதன் அடிப்படை. ஆகவே நீங்கள் மிச்சப்படுத்தும் மின்சாரத்துக்குத்தான் அவர்கள் விலை தருகிறார்கள். அந்த மிச்சத்தைக் காகிதத்தில் காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

முதல் படி: திட்டத்தைத் தேடுங்கள்

உங்கள் மின்கட்டண பில்லில் இருக்கும் நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து தொடங்குங்கள். தள்ளுபடி பொதுவாக மூன்று வகையாக வரும். கடையில் வாங்கும்போதே விலையில் கழிப்பது ஒன்று. இதற்கு விண்ணப்பமே தேவைப்படாமல் போகலாம். ஒரு விளக்குக்கு இவ்வளவு என்று நிலையான தொகை தருவது இரண்டாவது. மிச்சமாகும் யூனிட்டுகளைக் கணக்கிட்டுத் தருவது மூன்றாவது. முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டாவது வகையே ஏற்றது என்பது என் கருத்து. கணக்கு எளிது, எவ்வளவு வரும் என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: இருப்பதைக் கணக்கெடுங்கள்

இந்தப் படியை அவசரமாக முடிக்காதீர்கள். பழைய விளக்கைக் கழற்றிய பிறகு அதற்கான சான்றைத் திரட்ட முடியாது. ஒவ்வோர் அறையிலும் எத்தனை விளக்குகள், என்ன வகை, எத்தனை வாட், நாளைக்கு எத்தனை மணி நேரம் எரிகின்றன என்று எழுதுங்கள். விளக்கின் மேல் அச்சிட்ட எழுத்தும் சோக்கின் மேல் ஒட்டிய லேபிளும் தெளிவாகத் தெரியும்படி புகைப்படம் எடுங்கள். சோக்கும் மின்சாரம் இழுக்கும் என்பதால் டியூப்பின் வாட்டை மட்டும் குறித்துக்கொண்டால் போதாது.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பழைய விளக்குப் பெட்டி (டியூப்பும் சோக்கும் சேர்ந்த முழு அமைப்பு) 58 வாட் இழுக்கிறது, புதியது 30 வாட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெட்டிக்கு 28 வாட் மிச்சம். அப்படி 40 பெட்டிகள் ஆண்டுக்கு 3,000 மணி நேரம் எரிந்தால் 3,360 யூனிட் மிச்சமாகிறது. எரியும் நேரத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். ஆய்வுக்கு வருபவர் உங்கள் வேலை நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடும்.

மூன்றாம் படி: தகுதிப் பட்டியலைப் பார்த்து விளக்கைத் தேர்ந்தெடுங்கள்

பல திட்டங்கள் அங்கீகரிக்கப்பட்ட மாடல்களுக்கு மட்டுமே பணம் தரும். வட அமெரிக்காவில் வணிகக் கட்டடங்களுக்கு டிசைன்லைட்ஸ் கன்சார்டியம் என்ற அமைப்பு வெளியிடும் பட்டியலைப் பல மின் நிறுவனங்கள் ஏற்கின்றன. விளக்கு வரும் அட்டைப் பெட்டியில் இருக்கும் மாடல் எண்ணும் பட்டியலில் இருக்கும் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கடைசியில் ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு பொருளாகக் கருதப்படலாம்.

வாட்டை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். வெளிச்சத்தைச் சொல்வது லூமென். 60 வாட் குண்டு பல்பு தரும் சுமார் 800 லூமென் வெளிச்சத்தை எல்இடி 8 முதல் 10 வாட்டில் தந்துவிடுகிறது. எல்இடி டியூப்களிலும் வகைகள் உண்டு: பழைய சோக்கோடு சேர்ந்தே எரிபவை, சோக்கை நீக்கி நேரடியாக மின் இணைப்பில் எரிபவை, தனி டிரைவரோடு (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் கருவி) எரிபவை. எந்த வகைக்குத் தள்ளுபடி என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நேரடி இணைப்பு வகைக்கு வயரிங்கை மாற்ற வேண்டும். அது எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை.

ஆள் இல்லாதபோது விளக்கை அணைக்கும் சென்சாருக்குத் தனித் தொகை தரும் திட்டங்களும் உண்டு. கழிப்பறை, கிடங்கு, கூட்ட அறை இருந்தால் அதையும் விசாரியுங்கள்.

நான்காம் படி: முன் அனுமதி

பலர் பணத்தை இழப்பது இங்கேதான். அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, ஏனென்றால் உரிமையுள்ள தொகை தேதி ஒன்றாலேயே கைநழுவிவிடுகிறது. முன் அனுமதி தேவைப்படும் திட்டத்தில், அனுமதிக் கடிதம் வருவதற்கு முந்தைய தேதியிட்ட ரசீது இருந்தாலே விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். ஆகவே கணக்கெடுப்பு, விலைப்பட்டியல், மாடல் விவரத் தாள் ஆகியவற்றை அனுப்பிவிட்டு, அனுமதி எழுத்தில் கைக்கு வரும் வரை காத்திருங்கள். ஒதுக்கிய நிதி தீர்ந்தால் திட்டம் இடையிலேயே மூடப்படுவதும் உண்டு. ஆண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பிப்பது நல்லது.

ஐந்தாம் படி: பொருத்துங்கள், பிறகு கோருங்கள்

கழற்றிய ஃப்ளோரசன்ட் டியூப்களில் பாதரசம் இருக்கிறது. உடைக்காமல், உரிய சேகரிப்பு மையத்தில் ஒப்படையுங்கள். அதற்கான சீட்டையும் சில திட்டங்கள் கேட்கும். ரசீதில் மாடல் எண், எண்ணிக்கை, விலை, தேதி எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். "விளக்கு வேலை, மொத்தம்" என்று ஒரே வரியில் எழுதிய ரசீதை வாங்காதீர்கள். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, ரசீதும் அந்தப் பெயரிலேயே இருப்பது பாதுகாப்பு. பொருத்திய பிறகும் புகைப்படம் எடுத்து, கெடு தேதிக்குள் அனுப்புங்கள். நேரில் ஆய்வுக்கு வரக்கூடும் என்பதால் காலி அட்டைப் பெட்டிகளைப் பணம் கைக்கு வரும் வரை வைத்திருங்கள்.

கையெழுத்திடும் முன் கடைசியாக ஒன்று: தொகை யாருக்குப் போக வேண்டும் என்ற கட்டத்தைப் படியுங்கள். ஒப்பந்தக்காரருக்கே போகும்படி அதில் குறித்திருந்தால், அந்தத் தொகை முழுவதையும் அவர் தம் பில்லில் கழித்திருக்கிறாரா என்று சரிபார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.