எக்செல் பட்டியலை வேர்ட்பிரஸில் உடையாமல் ஏற்றுவது எப்படி?

ஒரு நூலகத்தின் புத்தகப் பட்டியல் எக்செல்லில் இருக்கிறது. அதை வேர்ட்பிரஸ் தளத்தில் வாசகர்கள் தேடிப் பார்க்கும்படி போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பத்து வரிதான் என்றால் செல்களை காப்பி செய்து பக்கத்தில் பேஸ்ட் செய்தாலே போதும், டேபிள் பிளாக்காக மாறிவிடும். சில நூறு வரி என்றால் டேபிள்பிரஸ் பிளக்கின் (தளத்தில் அட்டவணை போட உதவும் கூடுதல் மென்பொருள்) நல்லது. இலவசப் பதிப்பே போதும். இம்போர்ட் செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகாது. எக்செல் கோப்பை முன்கூட்டியே சீர்செய்வதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

முதலில் ஐஎஸ்பிஎன் பத்தியைப் பாருங்கள். ஐஎஸ்பிஎன் என்பது ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரப்படும் 13 இலக்க அடையாள எண். சாதாரண செல்லில் 11 இலக்கத்தைத் தாண்டினாலே எக்செல் அதைச் சுருக்கி, 9.78818, அடுத்து ஈ என்ற ஆங்கில எழுத்து, அடுத்து +12 என்று காட்டும். தளத்தில் ஏற்றுவதற்காக இதை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) சேமிக்கும்போது திரையில் தெரிவதுதான் எழுதப்படும். மீதி இலக்கங்கள் போயே போய்விடும். பத்தியை முழுதாகத் தேர்ந்தெடுத்து, ஃபார்மட் செல்ஸில் 'நம்பர்', தசம இடம் 0 என்று வையுங்கள். இனிமேல்தான் தட்டப்போகிறீர்கள் என்றால் தொடங்கும் முன்பே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். 3/4 என்று அடித்த பாக எண் ஏப்ரல் 3 ஆகிவிடுவதையும் அதுதான் தடுக்கும்.

அடுத்து, மெர்ஜ் செய்த செல்களைப் பிரியுங்கள். 'நாவல்' என்ற சொல் இருபது வரிக்குச் சேர்த்து ஒரே செல்லில் இருந்தால், சிஎஸ்வியில் முதல் வரிக்கு மட்டும் அது கிடைக்கும், மற்ற பத்தொன்பதும் காலியாக வரும். ஒவ்வொரு வரியிலும் நிரப்பிவிடுங்கள். டேபிள்பிரஸிலேயே மறுபடி இணைக்க முடியும். ஆனால் தலைப்பு வரிக்குக் கீழே உள்ள வரிகளில் இணைத்தால் தேடலும் வரிசைப்படுத்தலும் வேலை செய்யாது.

பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தால் தளத்தில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியால், இணையத்தில் பொதுவாகப் பயன்படும் யூனிகோடுக்கு மாற்றுங்கள், தமிழ்ப் பத்திகளை மட்டும். மொத்தத் தாளையும் கொடுத்தால் ஆங்கிலத் தலைப்புகளும் தமிழாகிக் குழம்பிவிடும். பிடிஎஃப்பிலிருந்து எடுத்த தமிழில் கொம்புகள் இடம் மாறியிருப்பது வழக்கம். திருத்திக்கொண்டிருப்பதைவிட மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவதே மேல்.

இப்போது 'சேவ் ஆஸ்' போய் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' வகையைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் வெறும் 'சிஎஸ்வி' தமிழுக்கு ஆகாது: விண்டோஸில் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறி ஆகிவிடும், அந்தக் கோப்பிலிருந்து திரும்ப மீட்க வழியில்லை. சேமித்ததைச் சரிபார்க்க நோட்பேடில் திறந்து பாருங்கள். எக்செல்லில் திறந்து மறுபடி சேமித்தால் ஐஎஸ்பிஎன் பழையபடி சுருங்கிவிடும்.

டேபிள்பிரஸ் மெனுவில் 'இம்போர்ட்' போய்க் கோப்பை ஏற்றி, புதிய அட்டவணையாகச் சேருங்கள். முதல் வரியைத் தலைப்பு வரியாகக் குறித்திருக்கிறதா என்று பார்த்து, தேடலையும் பக்கப் பிரிப்பையும் இயக்குங்கள். பக்கத்தில் டேபிள்பிரஸ் பிளாக்கைச் சேர்த்து, இந்த அட்டவணையைத் தேர்ந்தால் வந்துவிடும். பக்கம் பக்கமாகப் பிரித்தாலும் எல்லா வரிகளும் ஒரேயடியாகத்தான் பிரவுசருக்கு இறங்கும். அதனால் பல ஆயிரம் வரி என்றால் துறைவாரியாகத் தனித்தனி அட்டவணை போடுங்கள், சாதாரண போனிலும் திறக்கும்.

அடுத்த மாதம் புதிய பட்டியலை ஏற்றும்போது 'இருக்கும் அட்டவணையை மாற்று' என்ற தேர்வைக் குறிக்க மறக்காதீர்கள். மறந்தால் புதிய பட்டியல் வேறு அட்டவணை எண்ணில் தனியாக உட்கார்ந்துகொள்ளும், வாசகர் பழைய பட்டியலையே பார்த்துக்கொண்டிருப்பார்.