ஆர் மொழியில் இன்ஃப்ளக்ஸ்டிபி தரவு: செவ்வாய்க்கிழமை மழை புதன்கிழமைக்குப் போன கதை

திருமங்கலம் பக்கம் சித்தப்பாவின் மல்லிகைத் தோட்டத்தில் ஒரு வெப்பநிலை சென்சார் வைத்திருக்கிறேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, வீட்டில் சும்மா கிடந்த பழைய லேப்டாப்பில் ஓடும் இன்ஃப்ளக்ஸ்டிபி என்ற தரவுத்தளத்துக்கு அனுப்பிவிடும். அந்தத் தரவை ஆர் என்ற புள்ளியியல் நிரல் மொழியில் இழுத்து வரைபடம் போட வேண்டும், அவ்வளவுதான். இணைக்கப் பத்து நிமிடம் ஆனது. தேதி சரியாக வர இரண்டு நாள்.

இன்ஃப்ளக்ஸ் நிறுவுவதை இங்கே சொல்லவில்லை. நான் சொல்வது இரண்டாம் பதிப்புக்கு. அதில் தரவைக் கேட்கும் வினவலை ஃப்ளக்ஸ் மொழியில் எழுதுகிறோம். மூன்றாம் பதிப்பில் ஃப்ளக்ஸ் இல்லை, அங்கே எஸ்க்யூஎல் போன்றவைதான். கட்டளைப் பெயர்களை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள்.

படி 1: உலாவியில் 8086 போர்ட்டைத் திறந்து, உங்கள் பக்கெட்டை (தரவு சேரும் இடம்) படிக்க மட்டும் அனுமதியுள்ள ஒரு டோக்கன், அதாவது சாவி, உருவாக்குங்கள். அந்த நிமிடமே நகலெடுத்துவிடுங்கள். நான் ஜன்னலை மூடிவிட்டு மறுபடி தேடியிருக்கிறேன்.

படி 2: ஆர் பக்கம் 'இன்ஃப்ளக்ஸ்டிபிகிளையன்ட்' தொகுப்பை நிறுவுங்கள். 'இன்ஃப்ளக்ஸ்டிபிஆர்' என்று இன்னொன்று தேடலில் வரும். அது முதல் பதிப்புக்கானது, வேண்டாம். டோக்கனை நிரலுக்குள் எழுதாதீர்கள். 'ஆர்என்விரான்' கோப்பில் போட்டு, ஆரை மூடித் திறந்தபின் 'சிஸ்.கெட்என்வ்' கொண்டு எடுங்கள். நிரலை நண்பருக்கு அனுப்பும்போது சாவியும் சேர்ந்து போகாது.

படி 3: முகவரி, டோக்கன், இன்ஃப்ளக்ஸில் நீங்கள் வைத்த அமைப்பின் (ஆர்கனைசேஷன்) பெயர் மூன்றையும் கொடுத்து கிளையன்ட்டை உருவாக்குங்கள். 'ஹெல்த்' என்று ஒருமுறை கேட்டு, பதில் வந்தால் மேலே போகலாம்.

படி 4: இனி ஃப்ளக்ஸ் வினவல். 'ஃப்ரம்' எந்தப் பக்கெட் என்று சொல்லும், 'ரேஞ்ச்' எத்தனை நாள் என்று சொல்லும். ரேஞ்ச் இல்லாவிட்டால் எல்லையில்லாமல் படிக்க முடியாது என்று பிழை காட்டும். பிறகு 'அக்ரிகேட்விண்டோ', ஒரு நாளுக்கு ஒரு சராசரி.

வரைபடம் அழகாக வந்தது, மழை பெய்த நாளில் வெப்பநிலை இறங்கியதும் தெரிந்தது. சித்தப்பாவிடம் போனில் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தவர், "மழை பேஞ்சது செவ்வாக்கெழமல்லப்பா? புதங்கெழமை எறங்கியிருக்கே" என்றார். சென்சார்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து, அதன் கம்பிகளையெல்லாம் பிடுங்கி மாட்டி ஒரு மாலையை வீணாக்கினேன். அப்புறம்தான் அட்டவணையை நிதானமாகப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லா வரியிலும் நேரம் 05:30.

இன்ஃப்ளக்ஸ் எல்லாவற்றையும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வைத்திருக்கிறது. அதன் நள்ளிரவு நமக்கு விடிகாலை ஐந்தரை. ஆக 'ஒரு நாள்' என்று கேட்டால் அது ஐந்தரைக்கு ஐந்தரை வெட்டிவிடுகிறது. மல்லிகைக்காரர்களுக்கு இதைவிட மோசமான வெட்டு கிடையாது. விடியுமுன் டார்ச் வெளிச்சத்தில் மொட்டுப் பறித்து மதுரை மாட்டுத்தாவணிச் சந்தைக்கு அனுப்பும் நேரத்தில், பாதி வேலையில் நாள் மாறுகிறது. இது போதாதென்று, அக்ரிகேட்விண்டோ ஒவ்வொரு துண்டுக்கும் அதன் முடிவு நேரத்தையே முத்திரையாக ஒட்டுகிறது. செவ்வாய் ஐந்தரையில் தொடங்கிய துண்டுக்குப் புதன் ஐந்தரை என்று பெயர். அதனால்தான் மழை ஒரு நாள் தள்ளிப் போனது.

இதற்கு இரண்டு திருத்தம். வினவலின் முதல் வரியில் 'டைம்ஸோன்' தொகுப்பை இறக்குமதி செய்து, அடுத்த வரியில் 'லொகேஷன்' விருப்பத்தை 'ஏசியா/கொல்கத்தா' ஆக்குங்கள். பிறகு அக்ரிகேட்விண்டோவுக்குள் 'டைம்சோர்ஸ்' என்பதற்கு அடிக்கோட்டோடு தொடங்கும் 'ஸ்டார்ட்' நெடுவரிசையைக் கொடுங்கள். ஐந்தரை மணியைக் கையால் கூட்டிக் கழிக்கும் குறுக்குவழி வேண்டாம். நானும் போட்டுப் பார்த்தேன், மறுவாரம் எனக்கே புரியவில்லை.

இத்தனையும் செய்து ஓட்டினால், மழை திங்கட்கிழமைக்குப் போய்விட்டது! சிரித்துவிட்டேன். இப்போது குற்றவாளி ஆர். செவ்வாய் நள்ளிரவு பன்னிரண்டு மணி என்பது யூடிசியில் திங்கள் 18:30. நேரத்தைத் தேதியாக்கும் 'ஆஸ்.டேட்' கட்டளையை நேர மண்டலம் சொல்லாமல் போட்டால் அது திங்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆர் தானாகச் சரியாக எடுக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். அதே கட்டளையின் 'டிஸெட்' என்பதில் 'ஏசியா/கொல்கத்தா' என்று நீங்களே எழுதிவிடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்துபார்த்த ஒருவர் ஆரில் வரைபடம் போடும் 'ஜிஜிபிளாட்' கொண்டு படம் வரவில்லை என்றார். வினவல் திருப்பித் தருவது ஒரே அட்டவணை அல்ல, அட்டவணைகளின் பட்டியல். ஒரே சென்சார் என்றால் முதலாவதை எடுத்துக்கொள்ளுங்கள், பல என்றால் 'ஆர்பைண்ட்' கொண்டு ஒன்றன்கீழ் ஒன்றாக இணையுங்கள். அடிக்கோட்டோடு தொடங்கும் நேர நெடுவரிசை நானோநொடி வகை, அதைத் தொடாதீர்கள். பக்கத்தில் 'டைம்' என்று வரும் நெடுவரிசையைத்தான் படத்துக்குக் கொடுக்க வேண்டும்.

இன்னொருவர் முதல் நாளின் சராசரி மட்டும் விநோதமாக இருக்கிறது என்றார். ஏழு நாள் என்று கேட்டால் இந்த நிமிடத்திலிருந்து பின்னோக்கி எண்ணும், அதனால் முதல் நாளும் இன்றைய நாளும் அரைகுறையாக வரும். நான் அந்த இரண்டு வரியையும் வெட்டிவிட்டுத்தான் சித்தப்பாவுக்கு அனுப்புகிறேன்.