கடவுள் இல்லையேல் அறமும் இல்லையா? இந்த வாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கடவுள் இல்லையென்றால் நன்மை, தீமை எல்லாம் மனிதன் கட்டிய கற்பனைதான்" என்கிறார் ஒருவர். "நான் கடவுளை நம்புவதில்லை, ஆனாலும் யாரையும் ஏமாற்றாமல்தானே வாழ்கிறேன்" என்று மற்றொருவர் பதிலளிக்கிறார். முன்னவர் அறம் எதன்மேல் நிற்கிறது என்று கேட்க, பின்னவரோ நம்பிக்கையில்லாதவரால் அறவழியில் நடக்க முடியுமா என்ற வேறொரு கேள்விக்கு விடை சொல்கிறார். இப்படி இரண்டையும் குழப்பிக்கொள்வதே எல்லாத் தவறுகளுக்கும் மூலம். கடவுள் இருப்பாரானால், தம்மை மறுப்பவருக்கும் அவர் மனச்சாட்சியைத் தந்திருக்கக்கூடும். எனவே நேர்மையான நாத்திகர் ஒருவரைச் சுட்டிக்காட்டுவதால் அந்த வாதம் அசையாது. நாத்திகர்களின் ஒழுக்கத்தை இழித்துப் பேசுவதாலும் ஆத்திகர் தரப்பு வலுப்பெறாது.

'புறவயமான அறம்', அதாவது யாருடைய விருப்பத்தையும் சாராமல் உண்மையாக இருக்கும் அறம், என்பதை விதிவிலக்கே இல்லாத கட்டளை என்று புரிந்துகொள்வது அடுத்த தவறு. ஒருவரைக் கொல்லத் தேடி வருபவனிடம் அவர் ஒளிந்திருக்கும் இடத்தை மறைத்துப் பொய் சொல்வது சரியாக இருக்கலாம்; அப்படிச் சரியாக இருப்பது யாருடைய விருப்பத்தையும் கருத்தையும் சாராத உண்மை என்று சொன்னால், அதுவும் புறவயமான அறம்தான். (அந்த 'யாருடைய' என்பதில் கடவுளும் அடங்குவாரா என்று கேட்டுப் பாருங்கள், அடங்குவார் என்றால், அவருடைய விருப்பத்தை மட்டுமே சார்ந்த அறத்தைப் புறவயமானது என்று சொல்வதே சிக்கலாகிவிடும்.)

இந்தச் சிக்கலின் பழைய வடிவம் பிளேட்டோவின் 'யூத்திஃப்ரோ' உரையாடலில் இருக்கிறது. கி.மு. 399இல், தம்மீது தொடுக்கப்பட்ட வழக்குக்காக வந்திருக்கும் சாக்ரட்டீஸ், பெற்ற தந்தைமீதே கொலை வழக்குத் தொடுக்க வந்திருக்கும் யூத்திஃப்ரோவைச் சந்திக்கிறார். கூலியாள் ஒருவன் குடிவெறியில் அடிமை ஒருவனைக் கொன்றுவிட, தந்தை அந்தக் கூலியாளைக் கட்டிப் பள்ளத்தில் போட்டுவைத்தார். பசியிலும் குளிரிலும் அவன் இறந்துபோனான். தந்தைமீது வழக்குத் தொடுப்பதே தெய்வங்களுக்கு உகந்தது என்று உறுதியாகப் பேசும் யூத்திஃப்ரோவிடம் சாக்ரட்டீஸ் கேட்கிறார்: ஒன்று புனிதமானது என்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா, அல்லது அவை விரும்புவதால்தான் அது புனிதமாகிறதா? முதலாவது சரியென்றால் அறத்தின் அளவுகோல் தெய்வங்களுக்கு வெளியே இருக்கிறது. இரண்டாவது சரியென்றால் அவை கொடுமையை விரும்பியிருந்தால் கொடுமையே அறமாகியிருக்கும்.

இந்தக் கேள்வியை எடுத்துவைத்ததும் விவாதம் முடிந்துவிட்டதாக நாத்திகர் பலர் கருதுவதை நான் அவசரம் என்பேன். இது நம்பிக்கையாளர்களும் தமக்குள் நெடுங்காலம் வாதிட்ட கேள்வி: நன்மை தீமையைப் பகுத்தறிவாலேயே அறியலாம் என்று இஸ்லாமிய இறையியல் மரபின் ஒரு பிரிவினரான முஃதஸிலாக்கள் சொல்ல, இறைக் கட்டளையே அவற்றை நிர்ணயிக்கிறது என்று மற்றொரு பிரிவினரான அஷ்அரிகள் மறுத்தனர். இன்றைய இறையியலாளர்கள் மூன்றாவது வழி ஒன்றையும் முன்வைக்கிறார்கள். அமெரிக்க மெய்யியலாளர் ராபர்ட் ஆடம்ஸ் 1999இல் விரிவாக வாதிட்டதுபோல, நன்மையின் அளவுகோல் கடவுளின் தன்மையே. அன்பே உருவான ஒருவரின் கட்டளைகள் தான்தோன்றித்தனமானவையாக இருக்க முடியாது. அந்தத் தன்மை நல்லது என்பதற்கு என்ன பொருள் என்ற கேள்வி மீண்டும் எழும் என்பது என் கருத்து. ஆனாலும் இந்த விடையைக் கேளாததுபோல் கடந்துசெல்வது நேர்மையாகாது.

ஆத்திகர் தரப்பில் அதிகம் காணப்படும் தவறு, 'கடவுள் இல்லையேல் புறவயமான அறம் இல்லை' என்பதை நிறுவாமலே அடித்தளமாக வைப்பது. கடவுளை ஏற்காமலே அறத்துக்கு அடித்தளம் கண்டவர்களும் உண்டு: வேதத்தை யாரும் இயற்றவில்லை என்று கொண்டு அதன்மேல் தருமத்தை நிறுத்திய குமாரில பட்டர், வேதச் சடங்குகளை ஆராயும் மீமாம்சை என்ற இந்திய மெய்யியல் பள்ளியைச் சேர்ந்தவர், உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்பதையே மறுத்தார். 2020இல் மெய்யியலாளர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் ஏறத்தாழ 67 விழுக்காட்டினர் நாத்திகத்தின் பக்கமும், 62 விழுக்காட்டினர் அற உண்மைகள் உண்டு என்ற பக்கமும் சாய்ந்தனர். பெரும்பான்மையினர் சொல்வதாலேயே ஒன்று சரியாகிவிடாது. ஆனால் இரண்டையும் சேர்த்து ஏற்போர் நிறையவே இருக்கையில், அது முடியாது என்று நிறுவும் பொறுப்பு அப்படிச் சொல்பவருடையது.

அதற்காக, பரிணாமமே அறத்துக்கு அடித்தளம் என்று சட்டெனச் சொல்லிவிடவும் முடியாது. இரக்கம் நமக்குள் எப்படி வந்தது என்பதைப் பரிணாமம் விளக்கலாம். இரங்க வேண்டும் என்பதை அது நிறுவாது. இருப்பதிலிருந்து இருக்க வேண்டியதற்குத் தாவும் இந்தப் பிழையை ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1740இலேயே சுட்டிக்காட்டினார். நாத்திக மெய்யியலாளரான ஜே. எல். மேக்கி இங்கே கறாராக இருந்தார்: புறவயமான அற மதிப்புகளே இல்லை என்று 1977இல் எழுதிய அவர், அப்படிப்பட்டவை இருந்தால் அவை கடவுள் இருப்பதற்கான வாய்ப்பைக் கூட்டும் என்று 1982இல் ஒப்புக்கொண்டார். அறம் புறவயமானதென்றால் கடவுள் உண்டு என்ற அதே நிபந்தனையிலிருந்து, அப்படி அறம் இருக்கிறது என்று கொண்டு ஆத்திகர் கடவுளை வந்தடைய, அப்படிப்பட்ட அறமே இல்லை என்று மேக்கி எதிர்த்திசையில் நடந்தார்.

அறத்துக்குக் கடவுள் தேவை என்பதற்கு ஜெர்மானிய மெய்யியலாளர் கான்டைச் சாட்சிக்கு இழுப்போரும் கவனிக்க வேண்டும். 1788இல் அவர் கடவுளை ஓர் எடுகோளாக, அதாவது நிறுவ முடியாவிட்டாலும் ஏற்க வேண்டிய ஒன்றாக, முன்வைத்தது, அறத்துக்கு ஏற்ற இன்பம் வாய்க்கும் என்று நம்ப இடம் வேண்டும் என்பதற்காக. அறவிதியின் கட்டாயமோ, அவரைப் பொறுத்தவரை, பகுத்தறிவிலிருந்தே பிறக்கிறது.