வேலையில் நன்றியும் கண்ணியமும்: விசுவாசிகள் சறுக்கும் இடங்கள்

ஞாயிறு ஆராதனையில் உருகிப் பாடியவர்கள் திங்கட்கிழமை காலையில் வேலையை நினைத்து முகம் சுளிப்பது புதிதில்லை. இதற்குப் பெரும்பாலும் வேலையைவிட, அதைப் பற்றி நாம் பிடித்துவைத்திருக்கும் சில தப்பான எண்ணங்களே காரணம் என்பேன்.

ஊழியம் மட்டும்தான் தேவனுக்குரியது, மற்றதெல்லாம் வயிற்றுப்பாடு என்று பிரித்துவைப்பது முதல் தவறு. தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனுஷனை வைத்தது ஆதியாகமம் 2ஆம் அதிகாரத்தில். முள்ளும் நெற்றி வியர்வையும் வருவது 3ஆம் அதிகாரத்தில். வேலையே சாபம் என்று பிரசங்கிப்பவர்கள் இந்த வரிசையைக் கொஞ்சம் பார்க்கலாம். பவுல் கூடாரத் தொழில் செய்தார். இயேசுவையே ஊரார் தச்சன் என்றுதான் அறிந்திருந்தார்கள் (மாற்கு 6:3). 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மடமொன்றில் இருந்த சகோதரர் லாரன்ஸ் பல வருஷம் சமையலறையிலும் அப்புறம் செருப்பு தைப்பதிலும் கழித்தவர். ஜெபவேளையில் இருப்பதுபோலவே அடுப்படிச் சத்தத்திலும் தேவனோடு இருக்க முடிகிறது என்றார்.

அடுத்தது, "வேலை கொடுத்தீரே, ஸ்தோத்திரம்" என்று நன்றியை மொத்தமாகச் சொல்லி முடித்துவிடுவது. படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு விரிப்பு மாற்றும் மருத்துவமனைப் பணியாளரைக் கவனித்திருக்கிறீர்களா? நோயாளியை மெல்ல ஒருபக்கம் புரட்டி, பழையதைச் சுருட்டி, புதியதை விரித்து, முதுகுக்குக் கீழே சின்னச் சுருக்கம் தெரிந்தாலும் உள்ளங்கையால் நீவி இழுத்துவிடுவார், ஏனென்றால் அந்தச் சுருக்கம் அழுத்தி உரசியே தோல் புண்ணாகிவிடும். யாரும் கைதட்டப்போவதில்லை. இன்று என் கையால் யாருக்கு என்ன நல்லது நடந்தது என்று இப்படிக் குறிப்பாக யோசித்தால், இராத்திரி ஜெபத்தில் சொல்ல ஏதாவது இருக்கும்.

மற்றவர் பதவியோடு ஒப்பிடுவது பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை, அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

எனக்குக் கோபமே வருவது இன்னொன்றில்தான்: "நன்றியுள்ளவனாய் இரு" என்று சொல்லி, கூலி கேட்பவன் வாயை அடைப்பது. எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாய்ச் செய்யச் சொல்லும் கொலோசெயர் 3:23ஐ மேற்கோள் காட்டுகிறவர்கள், சில வசனம் தள்ளி 4:1இல் எஜமான்களைப் பார்த்து, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்று இருப்பதை ஏனோ தாண்டிவிடுகிறார்கள். கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடு என்கிறது உபாகமம் 24:15. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபு 5:4. 1891இல் போப் 13ஆம் லியோ தொழிலாளர் நிலை பற்றிச் சுற்றுமடல் எழுதியபோது நியாயமான ஊதியத்தை முக்கியமாக வலியுறுத்தினார். ஆக, நியாயமாகக் கேட்பதை முறுமுறுப்பு என்று நினைத்துக் குற்ற உணர்வோடு திரியாதீர்கள். வேலைக்கு நன்றி சொல்லிக்கொண்டே, சம்பளப் பாக்கியையும் கேட்கலாம்.

கடைசியாக, உடம்புச் சோர்வை விசுவாசக் குறைவு என்று எடுத்துக்கொள்வது. எலியா சூரைச்செடியின்கீழ் சாகவேண்டும் என்று படுத்தபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்து மறுபடி தூங்கவிட்டான் (1 இராஜாக்கள் 19). ஜெபத்தில் மனம் ஒட்டாவிட்டால் முதலில் எத்தனை மணிநேரம் தூங்குகிறீர்கள் என்று பாருங்கள். ஏழாம் நாள் ஓய்வு என்ற கட்டளை வேலைக்காரன், வேலைக்காரி, மாடு வரைக்கும் பேர் சொல்லித்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. உங்களிடம் யாராவது வேலை செய்தால், சரி, அவர்களுடைய லீவு நாளையும் அப்படியே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.